குளிர் செய்த வேலை: பவேரிய நிலவறையிலிருந்து டின் பியர் வரை



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பியரைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். மதுவின் புகழ் பாடுவது என் நோக்கமன்று. வெப்பம், குளிர் என்னும் பாடத்தைக் கற்பிக்கும்போது நாம் குளிர்பதனப் பெட்டியின் படத்தைக் காட்டுகிறோம். குளிரில் உணவு விரைவில் கெடாது என்று கூறி அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். அப்பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் யாருக்காக, எதற்காக வளர்க்கப்பட்டது என்று தேடினால், வரலாறு நம்மை ஜெர்மனியின் பியர் ஆலைகளுக்கு அழைத்துச் செல்கிறது.

அத்துடன் ஒரு கேள்வியும் உண்டு. உறைநிலையை ஒட்டிய குளிரில் நெடுநாள் வைத்தால் பியரின் சுவை மேம்படும் என்பது ஐரோப்பியரின் பழைய அனுபவம். அதே பியரை டின்னில் அடைத்த பின்னரும் குளிர் அந்த வேலையைச் செய்கிறதா? விடையைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

கோடையில் காய்ச்சாதே!

பியர் என்பது முளைவிட்ட பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, நீர் ஆகியவற்றைக் காய்ச்சி, ஈஸ்ட் கொண்டு நொதிக்கச் செய்யப்படும் பானம். ஈஸ்ட் ஒரு பூஞ்சண வகை நுண்ணுயிர். 1516-ஆம் ஆண்டு பவேரியாவில் இயற்றப்பட்ட புகழ்பெற்ற தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்ட் என்றொரு உயிர் அந்தப் பீப்பாய்க்குள் வாழ்வதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கோடையில் காய்ச்சிய பியர் புளித்துக் கெட்டது. குளிர்காலத்தில் காய்ச்சியது நன்றாக இருந்தது. எனவே 1553-இல் பவேரியாவை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஒரு கட்டளை பிறப்பித்தார். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பியர் காய்ச்சலாம். எஞ்சிய மாதங்களில் காய்ச்சக் கூடாது. காரணம் தெரியாமலேயே, அனுபவத்தை மட்டும் நம்பி இயற்றப்பட்ட சட்டம் அது. அதன் அறிவியல் காரணம் விளங்க மேலும் 300 ஆண்டுகள் தேவைப்பட்டன.

காய்ச்சத் தடை இருந்தாலும் குடிக்கத் தடையில்லை. மார்ச்சு மாதத்தில் மிகுதியாகக் காய்ச்சிக் கோடை முழுவதற்கும் சேமிக்க வேண்டியதாயிற்று. மலைச்சரிவுகளைக் குடைந்து ஆழமான நிலவறைகள் அமைத்தனர். குளிர்காலத்தில் ஏரிகளிலும் குளங்களிலும் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினர். நிலவறையின் மேற்பரப்பில் சரளைக் கற்களைப் பரப்பி, அகன்ற இலைகளையுடைய செஸ்ட்நட் மரங்களை நிழலுக்காக நட்டனர். அந்நிழலிலேயே மக்கள் அமர்ந்து அருந்தத் தொடங்கினர். நகரத்து விடுதிக்காரர்கள் முறையிட்டதால், 1812-இல் பவேரிய மன்னர் ஒரு சமரசம் செய்தார்: நிலவறைகளில் பியர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது. மியூனிக் நகரின் தோட்ட விடுதிகள் தோன்றிய கதை இதுதான்.

சேமித்து வைத்தலை ஜெர்மன் மொழியில் 'லாகர்ன்' என்பர். இன்று உலகில் மிகுதியாக விற்கப்படும் 'லாகர்' பியரின் பெயர் அதிலிருந்தே வந்தது. அப்பெயரில் சுவையும் இல்லை, ஊரும் இல்லை. குளிரில் காத்திருந்த காலம் மட்டுமே இருக்கிறது.

இருளில் நடந்த மாற்றம்

அந்த நிலவறையில் என்னதான் நடந்தது?

முதலாவதாக, குளிர் ஒரு தேர்வு நடத்தியது. பானத்தைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் குளிரில் சோர்ந்துபோயின. குளிரைத் தாங்கும் ஒருவகை ஈஸ்ட் மட்டும் பீப்பாயின் அடியில் தங்கி மெதுவாக வேலை செய்தது. ஒவ்வோர் ஆண்டும் நல்ல பீப்பாயின் வண்டலை எடுத்து அடுத்த பீப்பாயில் இட்டதால், அந்த ஈஸ்ட் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது இரு வேறு ஈஸ்ட் இனங்களின் கலப்பினம் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒன்று, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் இனம். குளிர் தாங்கும் மற்றோர் இனத்தை 2011-இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் கண்டறிந்தனர். பின்னர் அது திபெத்திலும் அயர்லாந்திலும் காணப்பட்டது.

இரண்டாவதாக, குளிர் பானத்தைத் துப்புரவு செய்தது. புதிதாக நொதித்த பியரில் வெண்ணெய் வாடையும், பச்சை ஆப்பிள் வாடையும், அழுகிய முட்டையை நினைவூட்டும் கந்தக வாடையும் இருக்கும். வெண்ணெய் வாடைக்குக் காரணமான டையசெட்டைல் என்னும் பொருளை ஈஸ்ட் மீண்டும் உட்கொண்டு மாற்றிவிடுகிறது. பச்சை ஆப்பிள் வாடையும் அவ்வாறே குறைகிறது. கந்தக வாடை, எழும் கரிவளியோடு மெல்ல வெளியேறுகிறது. எஞ்சிய சர்க்கரையும் சிறிது சிறிதாகத் தீர்கிறது. குளிர்ந்த நீர்மத்தில் கரிவளி மிகுதியாகக் கரையும் என்பதால் நுரையும் கூடுகிறது.

மூன்றாவதாக, குளிர் பானத்தைத் தெளிய வைத்தது. பார்லியிலுள்ள புரதமும், பார்லி உமியிலும் ஹாப்ஸிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் உறைநிலையை நெருங்கும்போது ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாகின்றன. வாரக் கணக்கில் அசையாமல் வைத்தால் அவை ஈஸ்டோடு சேர்ந்து அடியில் படிகின்றன. கரடுமுரடான துவர்ப்பு நீங்கி, பானம் மென்மையாகவும் தெளிவாகவும் ஆகிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இம்மாற்றங்களில் முக்கியமானவற்றைச் செய்தது உயிருள்ள ஈஸ்ட். குளிர் அதற்கு வேண்டிய நிதானத்தை வழங்கியது. டின் பியரைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

கைத்தடியும் தொப்பியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வனுபவ அறிவு அளவீட்டு அறிவாக மாறத் தொடங்கியது. 1833-இல் மியூனிக்கின் கேப்ரியல் செடல்மாயர், வியன்னாவின் அன்டன் டிரேயர் ஆகிய இரு இளைஞர்கள் பிரிட்டனின் பியர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தனர். உட்குழிவான ஒரு கைத்தடிக்குள் பியரைக் கமுக்கமாக எடுத்துச் சென்று, விடுதி அறையில் அளந்து பார்த்தனராம். வெப்பமானியையும் அடர்த்திமானியையும் கொண்டு தொழில் செய்யும் வழக்கத்தை அவர்கள் ஊர் திரும்பி வேரூன்றச் செய்தனர்.

பொஹீமியாவின் பில்சன் நகரில் 1838-இல் கெட்டுப்போன 36 பீப்பாய் பியரை நகர மன்றத்தின் முன் கொட்டி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நகரத்தார் ஒன்றுகூடிப் புதிய ஆலை கட்டி, பவேரியரான யோசஃப் குரோலை வரவழைத்தனர். 1842-இல் அவர் காய்ச்சிய பொன்னிறப் பியரே பில்சனர் வகையின் தொடக்கம். அந்நகரின் மணற்கல் பாறைக்குள் அந்த ஆலை குடைந்த நிலவறைகளின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்.

1845-இல் டென்மார்க்கின் ஜே. சி. யாகப்சன் செடல்மாயரிடம் ஈஸ்ட் பெற்றுக்கொண்டு மியூனிக்கிலிருந்து கோபன்ஹேகனுக்குக் குதிரை வண்டியில் பயணமானார். வண்டி நின்ற இடங்களிலெல்லாம் குளிர்ந்த நீரை ஊற்றி, தொப்பிப் பெட்டிக்குள் இருந்த ஈஸ்டைக் காத்தார் என்று கூறப்படுகிறது. அவர் நிறுவியதே கார்ல்ஸ்பெர்க். அதன் ஆய்வுக்கூடத்தில் 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். அந்த முறையை நிறுவனம் மறைத்து வைக்காமல் பிற ஆலைகளுக்கும் வழங்கியது. அமிலம், காரம் பாடத்தில் நாம் குறிப்பிடும் பி.எச். அளவுகோலும் 1909-இல் அதே ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் வகுத்ததே. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கூறலாம்.

பனிக்காலத்தை இயந்திரத்தில் அடைத்தவர்

தேவை பெருகியபோது பனிக்கட்டி போதவில்லை. ஓர் ஆண்டு குளிர்காலம் மிதமாக இருந்தால் மறு கோடையில் நிலவறைகள் வெப்பமடைந்தன. அக்காலத்தில் பனிக்கட்டி கப்பலேறி விற்கப்பட்ட பண்டம். அமெரிக்க ஏரிகளில் அறுக்கப்பட்ட பனிக்கட்டி கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்டதே சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். சிங்கப்பூரிலும் 1854-இல் ஹூ ஆ கே வாம்போவா ஒரு பனிக்கட்டிக் கிடங்கை அமைத்தார். ஆனால் உருகும் பண்டத்தை நம்பி ஒரு பெருந்தொழில் நெடுங்காலம் நிற்க இயலாது.

மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் கார்ல் லிண்டே 1870-களின் தொடக்கத்தில் குளிரூட்டல் குறித்துக் கட்டுரைகள் எழுதினார். அவற்றை ஆர்வத்துடன் வாசித்தவர்கள் பியர் ஆலைக்காரர்களே. செடல்மாயர் தம் ஸ்பாட்டன் ஆலையைச் சோதனைக் களமாகத் திறந்துவிட்டார். முதலில் மெத்தில் ஈதரைக் கொண்டு முயன்ற லிண்டே, 1876-இல் அம்மோனியாவில் இயங்கும் இயந்திரத்தை உருவாக்கினார். திரியெஸ்தே நகரில் டிரேயர் ஆலை அதனைப் பொருத்தியது. 1879-இல் லிண்டே பேராசிரியர் பணியை விட்டுக் குளிரூட்டு இயந்திர நிறுவனத்தைத் தொடங்கினார். 1895-இல் காற்றையே நீர்மமாக்கினார்.

குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் நினைத்தவர் லிண்டே அல்லர். அவருக்கு முன் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் போன்றோர் பனிக்கட்டி செய்யும் கருவிகளை அமைத்திருந்தனர். ஆயினும் நம்பத்தக்க, சிக்கனமான இயந்திரத்தை வளர்த்தெடுக்கப் பணமும் பொறுமையும் தந்தவர்கள் பியர் ஆலைக்காரர்கள். இறைச்சிக் கிடங்கும் கப்பலும் மருத்துவமனையும் அதன் பின்னரே பெரும் பயன் பெற்றன.

பனிக்காலமே இல்லாத நம் மண்ணுக்கும் இதனால்தான் லாகர் வந்தது. ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனெக்கன் நிறுவனமும் கூட்டாக 1931-இல் மலாயன் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தன. 1932-இல் சிங்கப்பூரில் டைகர் பியர் வெளிவந்தது. சிங்கப்பூரின் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும். இயந்திரக் குளிர் இன்றி அங்கு ஒரு பீப்பாய் லாகர்கூட முதிர்ந்திருக்காது.

டின் வந்த கதை

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தது. அது நீங்கியதும், 1935 ஜனவரி 24 அன்று குரூகர் என்னும் நியூஜெர்சி ஆலை வெர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் முதன்முதலாக டின் பியரை விற்றது. அதே ஆண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டின் ஃபெலின்ஃபோல் ஆலை பிரிட்டனில் அதனைத் தொடங்கியது. உலோகத்தின் வாடை பியரில் ஏறாதிருக்க உட்புறம் பூச்சுப் பூசப்பட்டது.

அன்றைய டின், இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசப்பட்டது. நாம் பேச்சு வழக்கில் ஈயம் என்கிறோமே, அந்த லம்பத்து ஈயந்தான். அக்காலத்தில் உலகில் அதனை மிகுதியாக உற்பத்தி செய்தது மலாயாவே. 1959-இல் அமெரிக்காவின் கூர்ஸ் நிறுவனம் அலுமினியக் கலனை அறிமுகப்படுத்தியது. பொருள் மாறியும் 'டின்' என்னும் பெயர் நம் நாவில் நிலைத்துவிட்டது.

டின்னுக்குள் குளிர் என்ன செய்கிறது?

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். பெரும்பாலான டின் பியர் வடிகட்டப்பட்டு, ஈஸ்ட் நீக்கப்பட்டது. பாஸ்டர் காட்டிய வழியில், ஏறத்தாழ 60 பாகையில் சில நிமிடங்கள் சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டதும் ஆகும். அதற்குள் வேலை செய்ய உயிருள்ள ஈஸ்ட் இல்லை. ஆகவே குளிரில் எத்தனை மாதம் வைத்தாலும் அது நிலவறைப் பியரைப்போல் முதிர்வதில்லை. முதிர்ச்சி ஆலையின் தொட்டியிலேயே முடிந்துவிட்டது. டின்னுக்குள் எஞ்சியிருப்பது மெல்லத் தேயும் சுவை மட்டுமே.

அடைக்கும்போது உள்ளே தங்கிவிடும் சிறிதளவு உயிர்வளியே முதல் பகை. அது ஹாப்ஸின் மணத்தையும் கசப்பையும் மங்கச் செய்கிறது. நாளடைவில் நனைந்த அட்டைத்தாளின் வாடையும் பழைய ரொட்டியின் இனிப்பும் தோன்றுகின்றன. இம்மாற்றங்கள் வேதிவினைகள். வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் வேகம் இரு மடங்கு, மும்மடங்கு எனக் கூடும். இதற்கு ஆலைக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள். இம்மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பழமையைத் தரும் என்பர். துல்லியமான விதியன்று எனினும் உண்மையின் திசையை அது காட்டுகிறது. நம் ஊர்க் கடைகளின் பின்கட்டில் அடுக்கி வைக்கப்பட்ட பெட்டிகளை எண்ணிப் பாருங்கள்!

இவ்வாறு குளிரின் பணி இரண்டாகப் பிரிகிறது. தொட்டியில் அது பானத்தை முதிரச் செய்கிறது. டின்னில் அது மூப்பைத் தள்ளிப்போடுகிறது. உறைநிலையை ஒட்டி நெடுநாள் வைத்தால் சில வகை பியர் சற்றுக் கலங்கும். வெப்பமேறினால் அக்கலங்கல் பெரும்பாலும் மறையும். சுழியத்திற்குக் கீழே இரண்டு மூன்று பாகை சென்றால் உறையவும் தொடங்கும். நீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால் டின் உப்பிப் பிளக்கும்.

இதனை ஒரு நிறுவனம் மெய்யாகவே நடத்திக் காட்டியது. கொலராடோவின் கூர்ஸ் ஆலை 1959 முதல் சூடாக்கும் முறையைக் கைவிட்டு, நுண்ணிய வடிகட்டலையும் தொடர்ந்த குளிரையும் நம்பியது. ஆலையிலிருந்து கடை வரை குளிர் அறுபடக் கூடாது. அதனால் தொலைவான மாநிலங்களுக்கு அது நெடுங்காலம் செல்லவில்லை. கிழக்கே விற்க உரிமமும் இல்லை. கிடைக்காத பொருளுக்கு மதிப்பு கூடுமல்லவா? மேற்கே செல்வோர் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தனர். 1977-இல் வெளிவந்த 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' திரைப்படம், அதனை லாரியில் கடத்திச் செல்லும் கதையே. 1981-இல்தான் கூர்ஸ் மிசிசிப்பி ஆற்றின் கிழக்கே முறைப்படி விற்பனையைத் தொடங்கியது.

கள்ளும் டின்னும்

இவ்வரலாற்றைப் படிக்கையில் நம் தோட்டப்புறங்களே என் நினைவுக்கு வந்தன. கள்ளும் ஈஸ்ட் நொதித்த பானந்தான். ஆனால் நம் வெப்பத்தில் அது சில மணி நேரத்தில் பொங்கி, ஓரிரு நாளில் புளித்துக் காடியாகிவிடும். அதைச் சேமிக்கவோ தொலைவுக்கு அனுப்பவோ முடியாது. எனவே அது இறக்கிய இடத்தருகே, தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே விற்றுத் தீர்ந்தது. அந்தக் கடையை எல்லாரும் கண்ணால் கண்டனர். அதனால்தான் 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டபோது, எதிர்க்க ஓர் இடம் இருந்தது.

டின் பியருக்கு அத்தகைய ஓர் இடமில்லை. குளிரும் தகரமும் சேர்ந்து அதைப் பல மாதம் வாழ வைத்தன. கடல் கடக்க வைத்தன. தெருமுனைக் கடையின் கண்ணாடிக் கதவுப் பெட்டி வரை கொண்டுவந்தன. பனிபோல் குளிர்ந்தது என்று விளம்பரம் பெருமை பேசுகிறது. ஆனால் மிகக் குளிர்ந்த பானத்தின் மணமும் சுவையும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. பழையதோ புதியதோ, கசப்போ துவர்ப்போ, எல்லாம் குளிரில் மறைந்துவிடுகின்றன. முதன்முறை வாய் வைக்கும் ஓர் இளைஞனுக்கு அந்தக் கசப்பே ஒரு தடையாக இருக்கக்கூடும். கடுங்குளிர் அத்தடையையும் மழுக்கிவிடுகிறது. வளர்ந்த பிள்ளைகளை உடைய பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று என்பதே என் எண்ணம்.

அதே வேளையில் நன்றியோடு நினைக்க வேண்டியதும் ஒன்றுண்டு. நம் குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசிகளுள் பெரும்பாலானவை 2 முதல் 8 பாகைக்குள் காக்கப்பட வேண்டியவை. உற்பத்திச் சாலையிலிருந்து கிராமத்து மருந்தகம் வரை அந்தக் குளிர் அறுபடக் கூடாது. கோடையிலும் பியர் கெடக்கூடாது என்று மியூனிக் ஆலைக்காரர்கள் செலவிட்ட பணத்தில் வளர்ந்த அறிவு, இன்று அந்தச் சிறு குப்பியையும் காக்கிறது.

அடுத்த முறை குளிர்பதனப் பெட்டியைப் பற்றிக் கற்பிக்கும்போது, "குளிர் பொருளைக் கெடாமல் காக்கும்" என்னும் ஒற்றை வரியோடு நில்லாமல், தயிரைக் கொண்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். உறையூற்றிய பாலை இரு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றை மேசையிலும் மற்றதைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்து, மாணவர்களை மணிக்கொரு முறை பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். குளிர் நுண்ணுயிரைக் கொல்வதில்லை, நிதானப்படுத்துகிறது என்பதை அவர்களே எழுதுவார்கள்.